கயிறு மாறிய பிறகு: பாண்டிய நாட்டுக் குதிரைகளும் பயிற்சியின் நெறிகளும்

குதிரை தமிழ் நிலத்தின் இயற்கை விலங்கன்று. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர், காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே வோல்கா, தோன் ஆறுகள் பாயும் புல்வெளிகளில் வாழ்ந்து, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு பிற நாடுகளுக்குப் பரவத் தொடங்கின என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் குளிர்ந்த புல்வெளி எங்கே, மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளையும் தென்காசி மாவட்டச் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் எங்கே! வெப்பம், தீவனம், மண், நோய் ஆகிய அனைத்திலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரு நிலங்களுக்கிடையிலான இடைவெளியைத் தென்பாண்டி நாட்டில் குதிரை வைத்திருந்தவர்கள் தங்கள் அறிவாலும் அன்றாட உழைப்பாலும் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

அந்த ஈடுகட்டல் பெரிய அளவில் தவறிப்போன நிகழ்ச்சி ஒன்று இதே நாட்டின் வரலாற்றில் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினர். அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்தன அல்லது பயனற்றுப்போயின என்று அக்காலத்துப் பிறநாட்டார் எழுதிவைத்துள்ளனர். இச்செய்திகள் வழக்கமாகக் கடல் வாணிக வரலாற்றின் பகுதியாகவே எடுத்தாளப்படுகின்றன. அவற்றைக் குதிரைப் பயிற்சியின் வரலாறாகவும் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போது, ஒரு விலங்கை மதித்துப் பயிற்றுவது என்பது அதனிடம் இரக்கம் கொள்வதோடு முடிவதில்லை என்பதும், அதன் இயல்பை அறிந்த மனிதர்கள் அதன் அருகிலேயே தொடர்ந்து இருக்கும்படி செய்யப்படும் ஏற்பாட்டையே அம்மதிப்பு சார்ந்து நிற்கிறது என்பதும் விளங்கும்.

கடல் வழி வந்த செல்வம்

தமிழகத்துக்குக் குதிரை கடல் வழியே வந்த செய்தி சங்க இலக்கியத்திலேயே உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகச் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை அதைக் குறிப்பிடுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலமாகிய சேர நாட்டிலிருந்து வந்த குதிரைச் செட்டிகளும், குதிரைப்படையினராகிய குதிரைச் சேவகரும் இடம்பெறுகின்றனர். எனினும் இவ்வாணிகம் அதன் உச்சத்தை எட்டியது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் ஆகும். இன்று பழையகாயல் என்று வழங்கும் அவ்வூருக்கு ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்ததை, 1290களின் தொடக்கத்தில் இக்கரையைக் கடந்து சென்ற வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார்.

பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுத்ததும், லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இல்லாமையும் அவர் கூறும் காரணங்கள். குதிரை விற்ற வணிகர்கள் அத்தகைய வல்லுநர்களைத் தாமும் அழைத்து வருவதில்லை, வர விரும்புவோரையும் தடுத்துவிடுகின்றனர் என்றும், குதிரை இறந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பதே அவர்கள் கணக்கு என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இவ்வாணிகத்தின் கொடுக்கல் வாங்கலை இன்னும் விரிவாகத் தருகிறார். கீஷ் தீவின் தலைவரான ஜமாலுதீன் தம் சொந்தக் குதிரைகள் 1,400ஐ ஆண்டுதோறும் அனுப்புவது என்றும், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார் விலை என்றும், வழியில் கடலில் இறக்கும் குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்றும் உடன்பாடு இருந்தது. அந்த ஜமாலுதீனின் சகோதரர் தகியுதீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசில் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார். ஆக, விற்பவர் வீட்டைச் சேர்ந்தவரே வாங்குபவரின் அவையிலும் அமர்ந்திருந்தார். குதிரை உயிரோடு இருந்தாலும் இறந்தாலும் விற்றவருக்கு இழப்பில்லை. இம்முறை பாண்டியரோடு முடியவுமில்லை. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், விசயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன் கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே அதற்கும் விலை கொடுத்ததாக எழுதுகிறார்.

வாங்கிய குதிரைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் வசாப் சொல்கிறார். பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியையும் வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைத்து, கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையிலும் கயிற்றிலும் கட்டிப்போட்டு, பின்பு பயிற்சி ஏதும் தராமல், அங்கவடி முதலிய சவாரிக் கருவிகளும் இல்லாமல் வெறிகொண்டவர்போல் வீரர்கள் அவற்றின்மேல் ஏறி ஓட்டினர் என்பதும், சிறந்த குதிரைகளும் சில காலத்திலேயே வலுவிழந்து மந்தமாயின என்பதும் அவர் கூற்று.

பிறநாட்டார் கூற்றை எவ்வாறு கொள்வது?

இச்சான்றுகளை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் உண்டு. வசாப் பாரசீகத்தில் இருந்தபடி வணிகர்களிடம் கேட்டறிந்து எழுதியவர். வாங்குபவன் அறியாதவன் என்று சொல்லிக்கொள்வது விற்பவனுக்கு எப்போதும் இனிப்பது. மார்க்கோ போலோவின் எண்ணிக்கைகளும் முழு எண்களாக, வணிகர் பேச்சின் மிகையோடு வருகின்றன. இவற்றைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு: இவ்விருவரும் அறியாமை என்று காட்டிய உணவுமுறை, இந்திய நூல் மரபில் அறிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைக் கண்காணிப்பாளரின் கடமைகளை விரித்துரைக்கும்போது, உயர்ந்த குதிரைக்கு நாள்தோறும் தானியம், நெய் அல்லது எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், களைப்புத் தீரப் பால் அல்லது மது ஆகியவற்றை அளவோடு விதிக்கிறது. தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 299ஆம் பாடல், உளுந்துச் சக்கை தின்ற சிற்றூர்த் தலைவனின் குதிரையையும் நெய் சேர்த்த உணவு தின்ற பெருவேந்தனின் குதிரையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. வசாப் கேட்டு வியந்த வெண்ணெய்த் தீவனம், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வேந்தர் லாயங்களில் வழங்கியதுதான் என்பது இதனால் தெளிவாகும். அப்பாடலில் போர்க்களத்தில் பாய்ந்து செல்வது உளுந்துச் சக்கை தின்ற சிற்றூர்க் குதிரை என்பதும், நெய்யுண்ட குதிரைகள் ஒதுங்கி நின்றன என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கன. புலவரின் நோக்கம் தலைவனின் வீரத்தைப் போற்றுவதே எனினும், குதிரையின் ஆற்றல் தீவனத்தின் விலையைப் பொறுத்ததன்று என்ற பட்டறிவும் அதில் பொதிந்துள்ளது.

அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? அர்த்தசாத்திரத்தின் அதே பகுதியில் விடை கிடைக்கிறது. உணவின் அளவைச் சொன்ன அந்நூல், வட்டமாகச் சுற்றுதல், மெல்ல நடத்தல், தாண்டுதல், விரைந்தோடுதல், குறிப்பறிந்து நடத்தல் என்று குதிரையின் இயக்கங்களையும் வகுக்கிறது. கடுமையானது, அமைதியானது, மந்தமானது எனக் குதிரையின் குணத்தை மூன்றாகப் பிரித்து, அதற்கேற்பவே போர்த்தொழிலோ சவாரியோ பயிற்ற வேண்டும் என்கிறது. மேலும் கயிறு பிடிப்பவர், கட்டுபவர், புல் இடுபவர், தீவனம் சமைப்பவர், லாயம் காப்பவர், மயிர் திருத்துபவர், நச்சு மருத்துவர் எனக் குதிரையைச் சூழ்ந்து நிற்க வேண்டிய பணியாளர்களை வரிசையாகப் பெயர் சொல்லி, மருத்துவரின் கவனக்குறைவால் நோய் முற்றினால் சிகிச்சைச் செலவின் இருமடங்கு தண்டம் என்றும் விதிக்கிறது. வசாப் காட்டும் லாயத்தில் இந்நூலின் உணவுப் பட்டியல் மட்டும் எஞ்சியிருந்தது. இயக்கமும், குணம் பார்த்துப் பயிற்றுதலும், பணியாளர் வரிசையும் விடுபட்டுப்போயின. விலை கொடுத்து உடனே பெறக்கூடியவை கிடைத்தன. காலம் கொடுத்து மட்டுமே பெறக்கூடியவை கிடைக்கவில்லை.

தமிழ் மரபில் இவ்வறிவு இல்லாமலில்லை. புறத்திணையில் குதிரை மறம் என்று ஒரு துறையே உண்டு. குதிரையின் நடைகளை ஐங்கதி என்றும், வட்டமாகவும் பிறவாறாகவும் அதைச் செலுத்தும் முறைகளைப் பதினெண் சாரி என்றும் பாகுபடுத்திய வழக்கு தமிழ் நூல்களில் காணப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் குதிரை பழக்கும் முறைகளையும் குதிரையேறி ஆடும் பந்தாட்டத்தையும் பேசுகிறது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. நூலில் இருந்த அறிவு லாயத்தில் நிற்கும் மனிதனைச் சென்றடையவில்லை என்பதே பாண்டியர் காலச் சான்றுகள் உணர்த்துவது.

கயிறு மாறும் சடங்கு

இவ்வாணிகத்தின் நினைவு திருவிளையாடற் கதை ஒன்றிலும் தங்கியிருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தாமே குதிரை வணிகராக மதுரைக்கு ஓட்டிவந்தார் என்பது கதை. வாதவூரராகிய மாணிக்கவாசகரின் திருவாசகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றும் முறை இடம்பெறுகிறது. விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு மாறிய அக்கணத்தோடு விற்றவரின் பொறுப்பு தீர்ந்தது; அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின.

பக்திக் கதைக்கு அதற்குரிய பொருள் உண்டு. வாணிக நடைமுறையின் சான்றாகப் பார்த்தால், உரிமை கைமாறுவதற்கு ஒரு கணம் போதும் என்ற வழக்கத்தை அது பதிவுசெய்கிறது. சட்டப்படி கயிறு மாறியபின் குதிரை புதியவருடையது. குதிரைக்கோ கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் முன்பின் அறியாதவர். அவருடைய கைச்செய்கைக்கும் குரலுக்கும் எந்தப் பொருளும் இன்னும் ஏற்படவில்லை. பயிற்சி என்பது உரிமை கைமாறுவதற்கும் குதிரை புதியவரை ஏற்பதற்கும் இடையிலுள்ள காலத்தை நிரப்பும் வேலை.

குதிரையின் உடலும் புலனும்

அந்த வேலைக்கு முதல் தேவை குதிரையின் உடலமைப்பை அறிவது. குதிரை வேட்டையாடப்படும் விலங்கு; ஓடித் தப்புவதே அதன் பாதுகாப்பு. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ முழுச் சுற்றையும் அது காண்கிறது; ஆயினும் நெற்றிக்கு நேர்முன்னே சிறு பகுதியும் வாலுக்கு நேர்பின்னே ஒரு பகுதியும் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. பின்புறமாகச் சத்தமின்றி நெருங்கும் மனிதனை உதைக்கும் குதிரையைக் கெட்ட குதிரை என்பது இவ்வமைப்பை அறியாததால் எழும் தீர்ப்பு. தோளுக்குப் பக்கவாட்டில், அது காணும்படி, குரல் கொடுத்துக்கொண்டே அணுகுவது முதல் மரியாதை.

அதன் இரைப்பை உடலோடு ஒப்பிடச் சிறியது. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து நார்த்தீவனம் தின்பதற்கே ஏற்றது. வாந்தி எடுக்கும் ஆற்றலும் குதிரைக்கு இல்லை. நாரைச் செரிப்பது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். திடீரென மாவுச்சத்து மிகுந்த தானியத்தைக் குவித்தால் அந்நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வயிற்று வலியும், குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசு அழன்று குதிரை நிற்கவே முடியாமல் போகும் குளம்பழற்சியும் உண்டாகின்றன. வளர்ந்த குதிரையின் குடல் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிப்பதில் வலுக்குறைந்தது. உழைப்பில்லாத நாட்களிலும் முழுத் தானியம் தின்ற குதிரையைத் திடுமெனக் கடுமையாக ஓட்டினால் தசைநார்கள் சிதைந்து, உடல் விறைத்து, சிறுநீர் கருமை பெறும். மேல்நாட்டு லாயங்களில் ஞாயிறு ஓய்வுக்குப் பின் வேலைக்குப் பூட்டிய குதிரைகளிடம் காணப்பட்டதால் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர்.

வசாப் விவரித்த நாற்பது நாள் கட்டும், கொழுப்புத் தீவனமும், அதையடுத்த வெறியோட்டமும் இந்நோய்கள் அனைத்துக்கும் வழி திறந்துவிடுபவை. காயலில் இறங்கிய குதிரைகள் இன்ன நோயால்தான் மாண்டன என்று இன்று உறுதிசெய்ய இயலாது. கடற்பயணச் சோர்வும் வெப்பமும் ஈக்கள் பரப்பும் இரத்த நோய்களும் சேர்ந்திருக்கக்கூடும். ஆனால் அவற்றின் தளர்ச்சிக்கு விதியையோ நாட்டின் தட்பவெப்பத்தையோ மட்டும் காரணம் காட்ட முடியாதபடி அவ்விவரணை அமைந்திருக்கிறது.

புலன் நுட்பத்துக்கு ஒரு புகழ்பெற்ற சான்று பெர்லினில் கிடைத்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவரின் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேள்விகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்வதாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்பெற்றது. அதை ஆராய்ந்த உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் விடை தவறுவதைக் கண்டறிந்து 1907இல் வெளியிட்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தம்மையறியாமல் தலையையும் உடலையும் சற்றே அசைப்பதைக் குதிரை கவனித்து நிறுத்தியிருக்கிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு அந்த ஆய்வைப் பலர் மறந்துவிட்டனர். மனிதர் தாமே உணராத அசைவைக் குதிரை படிக்கிறது என்பதே பயிற்றுபவருக்கு அதில் உள்ள பாடம். 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சினந்த மனித முகத்தின் நிழற்படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத்துடிப்பு மலர்ந்த முகத்தைக் கண்டபோது இருந்ததைவிட விரைந்து உயர்ந்ததைக் காட்டினர். கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்ற நூலில் வற்புறுத்தியது வெறும் அறவுரை அன்று என்பது இதனால் விளங்கும்.

கற்றலின் நெறிகள்

குதிரை கற்கும் முறையை அறிவியல் நோக்கில் ஆராய 2007இல் குதிரையேற்ற அறிவியலுக்கான பன்னாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகம் வகுத்துள்ள பயிற்சி நெறிகளின் அடிப்படை, எல்லா விலங்குகளுக்கும் பொதுவான கற்றல் விதிகளே ஆகும். அவற்றுள் முதன்மையானது அழுத்தமும் விடுவிப்பும். சவாரி செய்பவர் கடிவாள வாரைச் சற்றே இழுக்கிறார். குதிரைக்கு வாயில் சிறு நெருடல் உண்டாகிறது. நடை தளர்ந்ததும் வார் தளர்கிறது. எது செய்தால் நெருடல் நீங்குகிறதோ அதைக் குதிரை கற்றுக்கொள்கிறது. ஆகவே கற்பிப்பது இழுப்பு அன்று, இழுப்பு நீங்கும் கணம். உரிய நொடியில் கை தளராவிட்டால் குதிரை கற்பதற்கு ஒன்றுமில்லை. நின்றாலும் நெருடல், ஓடினாலும் நெருடல் என்ற நிலையில் அது முரண்டு பிடிக்கிறது அல்லது மரத்துப்போகிறது. வாய் மரத்த குதிரை என்று சவாரிக்காரர்கள் குறை கூறும் குதிரை, பெரும்பாலும் தளராத கைகளால் உருவாக்கப்பட்டது.

இதிலிருந்து வேறு சில நெறிகள் கிளைக்கின்றன. ஒரு குறிப்புக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும். காலால் முன்னே செல்லத் தூண்டிக்கொண்டே கையால் நிறுத்தினால் குதிரை எதற்குக் கீழ்ப்படிவது? குறிப்பு எப்போதும் மெல்லியதாகத் தொடங்க வேண்டும். மெல்லியதற்கே விடை கிடைத்தால் வலியதற்குத் தேவை எழாது. ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் உறுதியான பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதியை மெல்லச் சொறிந்துகொடுப்பது குதிரைகள் தமக்குள் செய்துகொள்ளும் நட்புச் செயல் என்பதால், அது நல்ல வெகுமதியாகவும் இதயத்துடிப்பைத் தணிப்பதாகவும் அமைகிறது.

அச்சத்தைப் போக்குவதில் இரு வழிகள் உள்ளன. கொட்டும் வேட்டும் கேட்டு மிரளும் குதிரையைத் தொலைவில் நிறுத்தி, அது தலை தாழ்த்தி வாயை அசைக்கத் தொடங்கும்வரை பொறுத்து, பல நாட்களில் சிறிது சிறிதாக ஒலிக்கு அருகே கொண்டுவருவது ஒன்று. அச்சம் தானே கரைவதால் இது பழக்கமாதல் எனப்படுகிறது. தப்பமுடியாதபடி கட்டிவைத்து அடங்கும்வரை கொட்டுவது மற்றொன்று. இரண்டாவது வழியிலும் குதிரை இறுதியில் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் அதைப் பழகிய குதிரை என்பார். ஆனால் எதைச் செய்தும் பயனில்லை என்று கண்ட விலங்கு முயற்சியைக் கைவிடும் கையறுநிலை அது. வெளியே அமைதியாகத் தோன்றும் அத்தகைய குதிரை ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவே கட்டறுத்து ஓடுவதற்கு முன் எச்சரிக்கை ஏதும் தருவதில்லை. வலியுள்ள குதிரையின் முகக்குறிகளை, அதாவது பின்னோக்கி விறைத்த காது, கண்மேல் இறுக்கம், தாடைத் தசை முறுக்கம், நாசி விரிப்பு ஆகியவற்றை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று 2014இல் வெளியானது. இன்று கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் அதை லாயத்தில் இருப்பவரும் சில நாட்களில் கற்றுக்கொள்ள முடியும்.

சட்டம் சொல்லும் குறைந்த அளவு

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறு உண்டு. மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு உள்ள அவ்விடத்தில்தான் கடிவாளத்தின் இரும்பு தங்குகிறது. கூர்முனையோ முண்டோ உள்ள கடிவாளம் அங்கே புண்ணை உண்டாக்கும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் இயற்றப்பட்ட இழுவை, பொதி விலங்குகள் விதிகள், முள்ளோ முண்டோ உள்ள கடிவாளம், சேணம், தார்க்கோல் முதலியவற்றைத் தடை செய்கின்றன. நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, இடையில் ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையிலோ இழுவை விலங்கை வேலைக்குப் பூட்டக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. கோடையில் தென்காசி மாவட்டத்தின் கரிசல் பகுதிக்கு இந்த மூன்றாம் விதி நேரடியாகப் பொருந்தும். எனினும் சட்டம் கொடுமையின் எல்லையைத்தான் வரையறுக்கிறது. அவ்வெல்லைக்கு உட்பட்டே மிக மோசமாகப் பயிற்றவும் முடியும்.

இன்றைய கரிசலில் ஒரு குதிரை

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி முதலிய வடநாட்டு இனக் குதிரைகள் இன்றும் விலைக்கு வருகின்றன. காதுமுனைகள் உள்நோக்கி வளைந்த இவ்வினங்கள் இராசத்தான், குசராத்து வறண்ட நிலங்களில் உருவானவை. அரபுக் குதிரைகளைவிடத் தமிழகத்து வெயிலுக்கு ஏற்றவை என்றே சொல்லலாம். ஆயினும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் விருப்பத்துக்குமாக ஒருவர் குதிரை வாங்கினால், காயலில் எழுந்த அதே கேள்வி சிறிய அளவில் மீண்டும் எழும்.

முதலில் தீவனம். பழைய இடத்தில் தின்றதை விசாரித்தறிந்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகவே புதிய தீவனத்துக்கு மாற்ற வேண்டும். இளஞ்சோளப் பயிரில் நஞ்சு இருப்பதை மாடு வளர்ப்போர் அறிவர். குதிரைக்குச் சோளப் பயிரைத் தொடர்ந்து மேய்ச்சலாகக் கொடுத்தால் சிறுநீர்ப்பை அழற்சியும் பின்கால் தள்ளாட்டமும் உண்டாகக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. அருகம்புல்லும் உலர்ந்த நல்ல புல்லுமே அடிப்படை. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு உழைப்புக்கேற்ற சேர்க்கை மட்டுமே. அடுத்தது வெப்பம். குளிர்ந்த பகுதியிலிருந்து வந்த குதிரையின் உடல் புதிய வெப்பத்துக்குப் பழக இரண்டு, மூன்று வாரங்கள் வேண்டும். அதுவரை அதிகாலையிலும் மாலையிலும் மெல்லிய நடையே போதும். மூன்றாவது, நடமாட்டம். கட்டுத்தறியிலேயே நாள் முழுதும் நிற்கும் குதிரை மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவதும், இடம்வலமாக ஓயாமல் ஆடுவதும் குறும்பு அல்ல. நடக்க வேண்டிய உடல் நிறுத்தப்பட்டதன் விளைவு.

நான்காவதும் கடினமானதும் மனிதர். குதிரையோடு காலையும் மாலையும் இருப்பவர் குதிரைக்காரர். உரிமையாளர் வாரம் ஒருமுறை வந்து ஏறிச் செல்பவராக இருக்கலாம். குதிரைக்கு நொண்டல் தோன்றியிருக்கிறது, இன்று ஏறக் கூடாது என்று குதிரைக்காரர் சொன்னால் உரிமையாளர் இறங்கிக்கொள்ளும் நிலை அங்கு இருக்கிறதா என்பதே அந்த லாயத்தில் குதிரைக்கு மதிப்பு இருக்கிறதா என்பதற்கான சோதனை. அடிக்கடி ஆள் மாறும் லாயத்தில் குறிப்புகளும் மாறும். ஒருவர் நிற்கச் சொன்ன செய்கை இன்னொருவருக்கு நடக்கச் சொல்வதாகும். குதிரைக்காரரின் கூலியும் நிலைத்த பணியும் அக்காரணத்தால் பயிற்சிச் செலவின் பகுதியே.

பாண்டியர் காலத்து விலை ஒப்பந்தத்தில் கடலில் இறந்த குதிரைக்கும் கணக்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இடம் இருந்ததாக வசாப்போ மார்க்கோ போலோவோ சொல்லவில்லை. அர்த்தசாத்திரம் பெயர் சொல்லி நிறுத்திய பணியாளர் வரிசையை இன்றைய ஒற்றைக் குதிரை லாயத்துக்குச் சுருக்கினால் மூவராவது தேவை: நாள்தோறும் உடனிருக்கும் குதிரைக்காரர், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தும் லாடக்காரர், குதிரை பார்க்கப் பழகிய கால்நடை மருத்துவர். சந்தையில் விலை பேசுவதற்கு முன் இம்மூவரையும் தேடி உறுதிசெய்துகொள்வதும், வாங்கிய பின் பழைய குதிரைக்காரரைச் சில நாட்களாவது உடன் தங்கவைத்துக் குறிப்புகளைக் கேட்டறிவதும், இவற்றுக்கான செலவைக் குதிரையின் விலையோடு சேர்த்தே கணக்கிடுவதும், கயிறு ஒரு கணத்தில் கைமாறினாலும் குதிரை வாரக்கணக்கில்தான் கைமாறுகிறது என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளங்கள். அச்செலவைத் தாங்க இயலாதவர் குதிரை வாங்காமல் இருப்பதும் குதிரையை மதிப்பதன் ஒரு வகையே.